நீலம் போட்ட சரக்கு

போன வாரம் உங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தபோது, புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி என்னிடம் நேராகவே கேட்டாள். “மேடம், இயற்கைத் துணி வியாபாரத்துல நேர்மையா இருந்தா லாபம் வருமா, வராதா?” பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலமெல்லாம் துணியைத் தடவிப் பார்த்தே சம்பளம் வாங்கியவளிடம் கேட்க வேண்டிய கேள்விதான் அது. வரும் என்றால் பொய். வராது என்றால் நீங்கள் நாளைக்கே வேறு வேலை தேடிப் போய்விடுவீர்கள். டீயைக் குடித்துவிட்டு மெல்ல நழுவி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

சான்றிதழ் எப்படி வாங்குவது, ஆய்வுக்கூடத்துக்கு எந்தத் துண்டை வெட்டி அனுப்புவது, கன்டெய்னரில் பெட்டியை எப்படி அடுக்குவது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதெல்லாம் உங்கள் செல்போனிலேயே இருக்கிறது. அதில் இல்லாத ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன்.

அப்போது நான் வேலை பார்த்தது தூத்துக்குடி துறைமுகச் சாலையில் இருந்த ஒரு சின்ன ஏற்றுமதி நிறுவனத்தில். தரத்துக்கு நான் பொறுப்பு. நான் கையெழுத்துப் போட்டால்தான் சரக்கு வெளியே போகும். பள்ளிக்கூடங்களுக்குப் பேர்போன சாயர்புரத்துக்காரி, கண்ணாடி போட்டிருக்கிறாள், கஞ்சி போட்ட காட்டன் சேலை கட்டுகிறாள் என்றால் எங்கள் பக்கத்தில் அவள் டீச்சராகத்தான் இருக்க வேண்டும். ஒரு நாள்கூடச் சாக்பீஸ் பிடிக்காத என்னை முதலாளி முதல் லாரி டிரைவர் வரைக்கும் ‘டீச்சர்’ என்றே கூப்பிட்டார்கள். மறுத்து மறுத்து அலுத்துப்போய் நானும் விட்டுவிட்டேன்.

முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்போம். பலசரக்குக் கடையில் தொடங்கிப் பருத்திக்கு வந்தவர். விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டில் சில விவசாயிகளிடம் பேசி, மருந்தடிக்காமல் பருத்தி போட வைத்திருந்தார். இதில் உள்ள சங்கடம் உங்களுக்குத் தெரியும். மருந்தை நிறுத்திய அன்றைக்கே நிலம் இயற்கை நிலம் ஆகிவிடாது. முதல் சில வருடங்கள் விளைச்சல் குறையும், சான்றிதழ் வராது, விலையும் ஏறாது. அந்த வருடங்களில்தான் விவசாயி மனசு உடைந்து மறுபடியும் மருந்துக் கடைக்குப் போவார். அண்ணாச்சி அந்தப் பருத்தியையும் கூடுதல் விலை கொடுத்து வாங்கினார். வாங்கி, சாதாரணப் பருத்தியோடு சாதாரணப் பருத்தியாக நட்டத்துக்கு விற்றார். ஏன் இப்படி என்று கேட்டால், “பனை ஏறுதவன எட்டுன மட்டும் தாங்கணும்லா டீச்சர். நமக்குக் கை இன்னும் எட்டுது” என்பார்.

நான் சொல்லப்போகும் வருடத்தில் அவர் கை எட்டவில்லை. வங்கிக்காரர்கள் டீ குடிக்கும் சாக்கில் வந்து உட்கார ஆரம்பித்திருந்தார்கள்.

எங்கள் தையல் கூடம் கடற்கரையில் ஒரு குடியிருப்பில், பங்குச் சாமியார் கொடுத்த பழைய கட்டடத்தில் நடந்தது. தைக்கிறவர்கள் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள் வீட்டுப் பெண்கள். முத்துக் குளிப்பெல்லாம் நின்றுபோய் எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனால் சங்கு எடுக்கக் குளிக்கப் போகிற ஆண்கள் அந்தத் தெருவில் இன்னும் இருந்தார்கள். அதில் ஒருவருடைய மனைவி மரியபுஷ்பம். கூடத்துக்கு அவள்தான் தலைவி. அவள் வாய் திறந்தால் தையல் மெஷின் சத்தம் கேட்காது. நூல் அறுந்தால் நூலைத் திட்டுவாள், கரண்ட் போனால் மின்வாரியத்தைத் திட்டுவாள், நான் போய் நின்றால், “ஏளா, டீச்சரக்கா வந்துட்டாவ, எல்லாரும் நிமுந்து உக்காருங்க” என்று என்னைக் கிண்டல் பண்ணுவாள். அந்தக் கூடத்தில் அடித்த கடல் காற்றையும் புதுத்துணி வாசத்தையும் அவர்கள் சிரிப்பையும் நினைத்தால் எனக்கு இப்போதும் ஏக்கமாக வருகிறது. வேலை நேரம் முடிந்தும் ஏதாவது சாக்குச் சொல்லி அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

அந்த வருடம் ஒரு பெரிய ஆர்டர் வந்தது. வெளிநாட்டில் ஒரு பெண்மணி நடத்துகிற கடை. கைக்குழந்தைகளின் சட்டை மட்டுமே விற்பாள். அதிலும் கரப்பான் வந்து தோல் புண்ணாகிப்போன குழந்தைகளுக்கான சட்டை. மருந்தடிக்காத பருத்தி, சாயம் போடாத துணி, வெளுக்காத துணி. தைத்து முடித்தபின் பூந்திக்கொட்டை நீரில் ஓர் அலசல். அவ்வளவுதான், வேறு எதுவும் படக் கூடாது. கூடத்துக்குப் போய் நானே சொன்னேன். “எந்த மருந்தும் சேரக் கூடாது, புரிஞ்சுதா?” என்றேன். “புரிஞ்சுதுக்கா” என்று கோரஸாகச் சொன்னார்கள்.

அண்ணாச்சி என்னைத் தனியே கூப்பிட்டு ஒன்று சொல்லியிருந்தார். “இந்தச் சரக்கு நல்லபடியா ஏறுச்சுன்னா கூடம் நிக்கும் டீச்சர். இல்லன்னா மூடிர வேண்டியதுதான். என்னால இனி முடியாது.” அதை நான் பெண்களிடம் சொல்லவில்லை. அவர்களை எதற்குக் கலங்கடிக்க வேண்டும் என்று நினைத்தேன்.

கடைசி அலசல் நடந்தபோது நான் கரிசல் காட்டில் பருத்தி எடை போடும் இடத்தில் இருந்தேன். திரும்பி வந்த அன்று காலையில் குடோனில் கன்டெய்னர் வந்து நின்றது. பெட்டிகளைப் பாதிக்கு மேல் ஏற்றிவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் துறைமுகத்துக்குள் போய்ச் சேராவிட்டால் கப்பலைப் பிடிக்க முடியாது. கையெழுத்துப் போடுமுன் ஒரு பெட்டியைப் பிரித்துப் பார்ப்பது என் வழக்கம். பிரித்தேன். சட்டை வெள்ளையாக இருந்தது.

வெள்ளையாக இருந்தால் என்ன என்று கேட்பீர்கள். வெளுக்காத பருத்தி எப்படி இருக்கும்? பால் திரிந்த மாதிரி, ஒரு மங்கல் மஞ்சளாக இருக்கும். நான் ஒப்புதல் கொடுத்த மாதிரிச் சட்டையை எடுத்து வந்து இரண்டையும் வெயிலில் விரித்துப் பார்த்தேன். பெட்டியில் இருந்ததில் ஓர் ஊதா ஓட்டம் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கோவில் சேலைக்கு நான் வாரா வாரம் போடுவதுதானே, எனக்குத் தெரியாதா? சொட்டு நீலம். இன்னொரு பெட்டியைப் பிரித்தேன். அதிலும் அப்படியே.

அண்ணாச்சி வந்து பார்த்தார். மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தார். “நல்லாத்தான இருக்கு?” என்றார்.

“நீலம் போட்டிருக்காங்க அண்ணாச்சி.”

“போட்டா? விஷமா அது? நீங்களும் நானும் நீலம் போட்ட சட்டையிலதான் வளந்தோம். பருத்தியில மருந்து இருக்கான்னுதான் அவங்க சோதிப்பாங்க. அது சுத்தம். நாம மறுபடி அலசிக் காயவைக்க நேரமில்ல, வாங்குறவங்க ரெண்டு தடவ தண்ணியில முக்கி எடுத்தா நீலம் போயிரும்.”

“நம்மகிட்ட வாங்குறது கரப்பான் புள்ளைங்களுக்கு அண்ணாச்சி. ஒண்ணும் போடலன்னு நான் கையெழுத்துப் போடணும். எப்படிப் போடுவேன்?”

அவர் கோபக்காரர் இல்லை. அன்றைக்குக் குரல் உயர்ந்தது. “அங்க இருக்க புள்ளைக்குப் பாவம் பாக்கீய. சரி. இங்க அந்தக் கூடத்துல இருக்கவளுவ புள்ளைகளுக்கு யாரு பாக்க? இத இறக்குனா கூடம் மூடியாச்சு. நீங்க நல்லவங்களா இருந்துட்டுச் சம்பளத்த வாங்கிட்டு வேற கம்பெனிக்குப் போயிருவீய. அவளுவ எங்க போவா? போங்க, நீங்களே மரியபுஷ்பத்துகிட்டப் போய்ச் சொல்லிட்டு வாங்க. அப்புறம் இறக்கச் சொல்லுதேன்.”

பிள்ளைகளே, நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. என் நேர்மைக்கு நான் விலை கொடுக்கப்போவதில்லை, மரியபுஷ்பம்தான் கொடுக்கப்போகிறாள். அவளைக் கேட்காமலே அவள் சோற்றில் கை வைத்துவிட்டு, ‘நான் தப்புக்குத் துணை போகவில்லை’ என்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினால் அது என்ன நேர்மை? அந்த மட்டில் அண்ணாச்சி சொன்னது சரி. ஓர் ஆட்டோவைப் பிடித்துக் கூடத்துக்குப் போனேன்.

வேலை முடிந்த சந்தோஷத்தில் இருந்தார்கள். யாரோ வடை வாங்கி வந்திருந்தார்கள். மரியபுஷ்பம் என்னைப் பார்த்ததும், “சட்டையப் பாத்தியளாக்கா? எப்படி ஜொலிக்கி?” என்றாள்.

“யாரு புஷ்பம் நீலம் போட்டது?”

“நாந்தான். பின்ன?”

“எதுவும் போடக் கூடாதுன்னு சொன்னேன்லா?”

“மருந்து போடக் கூடாதுன்னுதானக்கா சொன்னீய. நீலம் மருந்தா?” என்றாள். மற்றவர்களும் அதுதானே என்பதுபோல என்னைப் பார்த்தார்கள். உப்பு மாதிரி, தண்ணீர் மாதிரி அது அவர்களுக்கு. அதைப் போய் யாராவது மருந்துக் கணக்கில் சேர்ப்பார்களா?

“போட வேண்டிய அவசியம் என்ன வந்துது?” என்றேன். குரலில் எரிச்சல் வந்துவிட்டது.

அவள் சிரிப்பு போய்விட்டது. “அது கோடித்துணி நெறம்க்கா” என்றாள்.

கோடித்துணி என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியுமோ என்னவோ. செத்தவர்களுக்குச் சொந்தக்காரர்கள் கொண்டுவந்து போர்த்துகிற புதுத்துணி. வெளுக்காமல், சாயம் ஏறாமல், தறியில் இருந்து வந்த நிறத்திலேயே இருக்கும்.

“தைக்கும்போதே எல்லாருக்கும் கை ஓடல. பச்சப்புள்ள சட்டைய யாராவது அந்த நெறத்துல தைப்பாவளா? எம் மூத்தவன் பொறந்து பால் குடிக்குமுன்ன போயிட்டான்லா. அவன அந்த நெறத்துலதான் சுத்திக் கொண்டுபோனாவ. நான் கட்டில்ல கெடந்தபடியே பாத்தேன். ஒவ்வொரு சட்டையும் தைச்சி மடிக்கும்போது எனக்கு அதான் வருது. முகம் தெரியாத புள்ளையள்னாலும் புள்ளையதான? அதான் கடைசித் தண்ணியில கொஞ்சம் நீலத்த விட்டேன். நல்லதுக்குத்தான் செஞ்சேன்க்கா.”

திட்டத்தான் வாயெடுத்தேன். நான் அழுதுவிட்டேன். மேற்பார்வைக்குப் போனவள் தொழிலாளிகள் முன்னால் அழக் கூடாது என்று உங்கள் பயிற்சி வகுப்பில் சொல்லியிருப்பார்கள். எனக்கு அப்படி வகுப்பு எதுவும் நடக்கவில்லை.

பிறகு முழுவதையும் சொன்னேன். கரப்பான் பிடித்த குழந்தைகளுக்கான சட்டை இது, அதனால்தான் ஒன்றும் படக் கூடாது, நீலம் போட்டதை மறைத்து அனுப்ப என் மனம் ஒப்பவில்லை. ஆனால் சரக்கு ஏறாவிட்டால் இந்தக் கூடத்தை அண்ணாச்சியால் நடத்த முடியாது. இவ்வளவையும் சொன்னேன்.

நான் எதிர்பார்த்தது என்னவென்றால், ‘உண்மையைச் சொல்லிருங்கக்கா’ என்று அவள் சொல்வாள் என்று. கதைகளில் அப்படித்தானே நடக்கும். அவள் எழுந்து நின்று, “அனுப்பிருங்க. யாருக்குத் தெரியப் போவுது?” என்றாள். “எம் புருஷன் கடல்ல மூச்சடக்கிச் சம்பாதிக்காவ. காத்து மாறுனா அதுவும் கெடையாது. இங்க பாதிப் பேரு வீட்ல இந்தச் சம்பளத்துலதான் அடுப்பு எரியுது. உங்க கையெழுத்து அவ்வளவு பெருசாக்கா?” யாரும் என் பக்கம் பேசவில்லை. வடைத் தட்டு அப்படியே இருந்தது. நான் குடோனுக்குத் திரும்பினேன்.

அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். படிவத்தை என் முன்னால் வைத்துவிட்டு, பேனாவையும் வைத்துவிட்டு, வெளியே போய் நின்றுகொண்டார். என்னை விரட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. போட்டிருப்பேனா, மாட்டேனா? இப்போது உங்களிடம் ‘போட்டிருக்க மாட்டேன்’ என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வது சுலபம். பேனா என் கையில் இருந்தது என்பது மட்டும் நிச்சயம்.

வெளியே ஒரு லோடு ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மரியபுஷ்பமும் கூடத்துப் பெண்கள் நாலைந்து பேரும் இறங்கினார்கள். அவள் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. நேரே கன்டெய்னருக்குள் ஏறி ஒரு பெட்டியைத் தூக்கிக் கீழே நின்றவளிடம் கொடுத்தாள்.

“ஏளா, என்ன செய்யுத?” என்றார் அண்ணாச்சி.

“இறக்குதோம் அண்ணாச்சி.”

“கூடம் போயிரும், தெரியுமா?”

“டீச்சரக்கா சொன்னாவ.” அடுத்த பெட்டியைத் தூக்கினாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. “கரப்பான் வந்த புள்ள எப்படி அழும்னு எங்களுக்குத் தெரியும். கீழ நிக்குதாளே, இவ மவளுக்கு வந்து ராவெல்லாம் தூக்கிக்கிட்டு நடந்தா. ஒரு புள்ளைய மண்ணுக்குக் குடுத்தவ நான். எங்கயோ ஒரு புள்ள ஒடம்பு எரிஞ்சி அழுதா, அது என் கை விட்ட நீலம்னு எனக்குத் தோணிட்டே இருக்கும். என்னால முடியாது. பசிச்சாப் பசிக்கட்டும்.” அப்புறம் என் பக்கம் திரும்பி, “உங்களுக்காக இல்லக்கா” என்றாள். என் மேல் அவளுக்குக் கோபம் தீரவில்லை.

அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டினார். சத்தம் போடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். கன்டெய்னர் வாசலில் போய் நின்று, “கீழ நில்லு, இடுப்பு பிடிச்சிக்கிடும். நான் தூக்கித் தாரேன்” என்றார். லாரி டிரைவர் தலையில் அடித்துக்கொண்டு ஒரு பீடியைப் பற்ற வைத்தார்.

அந்த வெளிநாட்டுப் பெண்மணிக்கு நானே போன் போட்டேன். யாரோ தொழிலாளி தவறு செய்துவிட்டாள் என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. எங்கள் ஊரில் அந்த நிறம் யாருக்கு உரியது என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். முழுவதையும் கேட்டாள். பிறகு நன்றி சொன்னாள். சரக்கை ரத்து செய்தாள். அதுவும் நியாயம்தான், அவளுக்கும் கடைக்கு வருகிற தாய்மார்களிடம் பதில் சொல்ல வேண்டும் இல்லையா.

நேர்மையாக இருந்தால் மறுநாளே கதவு திறக்கும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். எங்களுக்கு மூடியது. கூடத்தில் மெஷின்களுக்கு உறை போட்டோம். பெண்களில் சிலர் இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போனார்கள், சிலர் உப்பளத்துக்கு. சட்டைகளை அண்ணாச்சி ஊர்க்கடைகளில் போட்டார். ‘இயற்கைத் துணி’ என்ற அட்டையை ஒவ்வொன்றிலும் தன் கையாலேயே பிய்த்து எடுத்தார். “பருத்தி இயற்கைதான அண்ணாச்சி, அட்டை இருந்தா நல்ல விலை போகும்லா” என்று கடைக்காரர் கேட்டதற்கு, “அரை உண்மைய வச்சி நான் என்னத்த விக்க?” என்றார். ஞானஸ்நானத்துக்கு வெள்ளைச் சட்டை தேடுகிறவர்கள் வாங்கிப் போனார்கள். விவசாயிகளிடம் வாங்குவதாகச் சொல்லியிருந்த பருத்தியை மட்டும் அவர் நிறுத்தவில்லை. ஊரில் இருந்த ஒரு கடைக் கட்டடத்தை விற்றார். விற்ற அன்று அவர் அலுவலகத்துக்கு வரவில்லை.

அடுத்த பருத்தி வரும்போது அந்தப் பெண்மணியிடமிருந்து கடிதம் வந்தது. அதே சட்டை, அதே துணி. தைக்கிறவர்களும் அதே பெண்களாக இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தாள். நான் மரியபுஷ்பத்தின் வீட்டுக்கு ஓடினேன். இறால் உரித்து விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. மடியில் ஒரு கைக்குழந்தை. கூடம் மூடிய பிறகு பிறந்த பெண் பிள்ளை. எனக்குத் தெரியாது, அவள் சொல்லியனுப்பவில்லை.

“அதே நெறமாக்கா?” என்று மட்டும் கேட்டாள்.

“அதே நிறந்தான் புஷ்பம்.”

யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

மெஷின் உறையைக் கழற்றிய அன்று எல்லோரும் வந்துவிட்டார்கள். ஆனால் துணியை யாரும் தொடவில்லை. கரப்பான், புண், நாட்டுக்கு நாடு நிறத்துக்கு அர்த்தம் மாறும் என்பதெல்லாம் புத்திக்குப் புரிகிறது. கைக்குப் புரிய வேண்டுமே. மங்கல் மஞ்சளாக மேஜை மேல் கிடந்ததை ஒருத்தி மற்றவளைப் பார்த்துத் தள்ளினாள்.

மரியபுஷ்பம் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். மேஜையில் நான் மாதிரிக்காக வைத்திருந்த சட்டையை எடுத்தாள். குழந்தையைத் துணிக் கட்டின் மேல் படுக்க வைத்து, அது போட்டிருந்த பூப்போட்ட சட்டையைக் கழற்றினாள். ஒருத்தி, “ஏளா புஷ்பம், வேண்டாம்ளா” என்று கையைப் பிடித்தாள். அவள் கையைத் தட்டிவிட்டாள். நீலம் படாத, வெளுக்காத அந்தச் சட்டையைக் குழந்தைக்குப் போட்டு முடிச்சுக் கட்டினாள். குழந்தை காலை உதைத்துக்கொண்டு சிரித்தது.

அவள் அதைத் தூக்கி எல்லோருக்கும் முன்னால் பிடித்தாள். “பாத்துக்கிடுங்க. இது இப்ப எம் மவ சட்டை” என்றாள். “உக்காந்து தைங்க.”